தேர்தல் சீர்திருத்த யோசனையைத் தோட்டத்திலிருந்து எழுதி அனுப்புவது எப்படி

தேர்தல் முறை மாற வேண்டும் என்று மலையகத்தில் பேசாத டவுன் கிடையாது. ஹட்டனிலும் பசறையிலும் சலூன், தேநீர்க்கடை, தொழிற்சங்கக் காரியாலயம் என்று எங்கும் அந்தப் பேச்சு உண்டு. ஆனால் அது கடிதமாகி, மாற்றும் அதிகாரம் உள்ளவரின் மேசைக்குப் போவது அபூர்வம். போகும் கடிதங்களும் பெரும்பாலும் "கிடைத்தது, கவனத்தில் எடுத்தோம்" என்ற இரண்டு வரிப் பதிலோடு முடிந்துவிடுகின்றன. காரணம், பிரதேச அலுவலகத்தில் முடிக்கக்கூடிய விஷயத்தை அமைச்சருக்கு எழுதுகிறோம். பாராளுமன்றத்தில் 150 கைகள் உயர்ந்தால்தான் நடக்கக்கூடியதைத் தேர்தல் அதிகாரியிடம் கேட்கிறோம். எந்த யோசனை எங்கே போக வேண்டும், அதோடு என்னென்ன இணைக்க வேண்டும், எங்கே சறுக்கும் என்பதை இளைஞர் கழகங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் தொழிற்சங்கக் கிளைகளுக்கும் பயன்படும்படி இங்கே தருகிறோம்.

தேர்தல் சட்டம் ஏட்டளவில் நிற்கும் விஷயமல்ல என்பது மலையகத்துக்கு அனுபவத்தில் தெரியும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949இல் வந்த 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து தோட்டத் தொழிலாளரை வாக்காளர் இடாப்பிலிருந்து தள்ளின. 1952 தேர்தலில் அவர்கள் வாக்கில்லாத மக்களாக நின்றார்கள். 1947இல் வென்ற அந்த ஏழு பேரில் ஒருவரான சௌமியமூர்த்தி தொண்டமான் தேர்தலில் வென்று மீண்டும் பாராளுமன்றம் போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினை 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களோடுதான் முடிவுக்கு வந்தது. வாக்குரிமையைப் பறித்தது இரண்டு சட்டங்களின் சில வரிகள். ஆகவே நாங்களும் வரி வரியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: யோசனையைத் தரம் பிரித்தல்

ஒரு தாளில் உங்கள் யோசனைகளை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: இதை மாற்ற எது மாற வேண்டும்? விடை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

சிலவற்றுக்குச் சட்டத்தில் எதுவும் மாற வேண்டியதில்லை. வாக்களிப்பு நிலையம் எங்கே, எந்த டிவிசன் (தோட்டப் பிரிவு) எந்த நிலையத்துக்கு, இடாப்பில் விலாசம் எப்படி எழுதப்படுகிறது, வாக்காளர் கல்வி எந்த மொழியில் எந்த மாதத்தில் என்பவை இந்த வகை. இவற்றைத் தேர்தல்கள் ஆணைக்குழுவும், மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் இருக்கும் உதவித் தேர்தல்கள் ஆணையாளரும் முடிவு செய்யலாம்.

சிலவற்றுக்குச் சாதாரண சட்டத் திருத்தம் போதும். முன்கூட்டியே வாக்களித்தல், தபால் வாக்கு விரிவாக்கம், வாக்களிக்கும் விடுமுறை, உள்ளூராட்சியில் பெண்கள் ஒதுக்கீடு, செலவு உச்சவரம்பு போன்றவை. பாராளுமன்றத்தில் சாதாரண பெரும்பான்மை இருந்தால் நிறைவேறும்.

மூன்றாவது வகை அரசியலமைப்பையே தொடுவது. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்கள், அதில் மாவட்டங்களுக்கு 196, தேசியப் பட்டியலுக்கு 29, மாவட்டத்தில் 5 வீத வெட்டுப்புள்ளி (அதற்குக் குறைவாக வாக்குப் பெறும் கட்சி ஆசனப் பங்கீட்டில் சேராது), முதலிடம் பெறும் கட்சிக்கான போனஸ் ஆசனம் எல்லாம் அரசியலமைப்பில் எழுதப்பட்டவை. மூன்றில் இரண்டு, அதாவது 150 உறுப்பினர் வேண்டும்.

இந்த மூன்று வகையையும் ஒரே மகஜரில் கலக்காதீர்கள். "வாக்களிப்பு நிலையம் தூரம், விருப்பு வாக்கை ஒழியுங்கள், ஜனாதிபதி முறையை நீக்குங்கள்" என்று ஒரே கடிதத்தில் எழுதினால், படிக்கும் அதிகாரி தன்னால் முடியாத இரண்டையும் காரணம் காட்டி முடிந்த ஒன்றையும் ஒதுக்கிவிடுவார். ஒரு யோசனைக்கு ஒரு கடிதம்.

மலையகத்துக்கு மிக விரைவாகப் பலன் தருவது முதல் வகை. அங்கிருந்தே தொடங்குங்கள்.

இடாப்பு

ஆசனங்களின் எண்ணிக்கையே இடாப்பிலிருந்துதான் பிறக்கிறது. மாவட்டங்களுக்கான 196 ஆசனங்களில் 36, மாகாணத்துக்கு நான்கு வீதம் முதலிலேயே பிரிகின்றன. மீதி 160உம் பதிவான வாக்காளர் தொகைக்கு ஏற்பப் பகிரப்படுகின்றன. நுவரெலியா மாவட்டத்துக்கு 2010இல் ஏழு ஆசனங்கள், 2015இல் எட்டு. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையின் பெயர் தோட்டத்திலும் இல்லாமல் கொழும்பிலும் இல்லாமல் போனால், போவது அந்தப் பிள்ளையின் வாக்கு மட்டுமல்ல. மாவட்டத்தின் கணக்கும் குறைகிறது.

வாக்காளர் பதிவு 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் நடக்கிறது. தகுதித் திகதி பெப்ரவரி 1. ஆண்டின் நடுவில் 18 வயதாகிறவர்களைக் குறைநிரப்புப் பட்டியலில் சேர்க்க 2021இல் வந்த திருத்தம் இடம் கொடுக்கிறது. கிராம உத்தியோகத்தர் வாக்காளர் கணக்கெடுப்புக்கான பீ.சீ. படிவம் மூலம் விபரம் எடுக்கிறார். நீக்கப்படவுள்ள பெயர்களும் புதிதாகச் சேர்க்கப்படவுள்ள பெயர்களும் தனித்தனிப் பட்டியல்களாகப் பார்வைக்கு வைக்கப்படும். இந்தப் பட்டியலைத் தோட்டத்தில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்பதுதான் பெரிய ஓட்டை. நீக்கப்படும் பெயருக்கு ஆட்சேபம் தெரிவிக்க வேண்டிய நேரம் அது. தேர்தல் அறிவித்த பிறகு எவ்வளவு சத்தம் போட்டாலும் அந்தப் பெயர் திரும்ப வராது.

டிவிசனுக்கு இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிபார்ப்பை முடிக்கலாம். கடைசி இடாப்பில் உங்கள் டிவிசன் பகுதியைக் கிராம உத்தியோகத்தரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். தனிப்பட்டவரின் பதிவை ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்க முடியும். பிறகு லயம் (வரிசை வீடுகள்) லயமாகப் போய், ஒவ்வொரு காம்பராவிலும் (லய அறையிலும்) நான்கு பேரைப் பற்றிக் கேளுங்கள்: கடந்த பெப்ரவரிக்குப் பின் 18 வயதானவர், கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த மருமகள், வெளியூரில் வேலை செய்பவர், இறந்துபோனவர். பிழைகளில் பெரும்பகுதி இந்த நால்வரிடத்தில்தான் இருக்கும்.

மருமகளின் பெயர் பல ஆண்டுகள் பிறந்த தோட்டத்து இடாப்பிலேயே கிடக்கும். வாக்குப் போட பஸ் ஏறிப் போக வேண்டும், அதனால் போகமாட்டார். வெளியூர்ப் பிள்ளைகளின் கதை வேறு. அறை வாடகைக்குக் கொடுத்தவர் தன் வீட்டு விலாசத்தில் பதிய விடமாட்டார், தோட்டத்தில் "இங்கே இல்லை" என்று பெயர் வெட்டப்படும். இப்படிப்பட்டவர்களைப் பெற்றோரின் விலாசத்திலேயே தொடர்ந்து வைக்கும்படி எழுத்தில் கேட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

அடுத்தது விலாசம். ஒரு லயத்தில் பத்துக் குடும்பம், எல்லோருக்கும் "மேற்பிரிவு, இன்ன தோட்டம்" என்று ஒரே விலாசம் இருந்தால் வாக்காளர் அட்டையும் தபாலும் கணக்கப்பிள்ளையின் மேசையில் தங்கிவிடும். ஆணைக்குழுவுக்குப் போக வேண்டிய யோசனை இதுதான்: இடாப்பில் தோட்டம், டிவிசன், லய இலக்கம், காம்பரா இலக்கம் என்று நான்கும் பதியப்பட வேண்டும். மாதிரிக்கு உங்கள் டிவிசனின் ஒரு லயத்துக்கு அப்படி விலாசம் எழுதிக் காட்டி இணையுங்கள். வெறுமனே "விலாசத்தைத் திருத்துங்கள்" என்றால், எப்படித் திருத்துவது என்பதே அலுவலகத்துக்குத் தெரியாது.

அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் அதே நாளில் தனிப் பட்டியல் எடுங்கள். விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் வசிப்பவருக்குத் தோட்டத் துரையும் (தோட்ட முகாமையாளர்) உறுதிப்படுத்தலாம். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, பாடசாலையில் இன்னொரு மாதிரி இருப்பதால்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்புகின்றன. அந்தத் திருத்தம் மாதக் கணக்கில் இழுக்கும் என்பதால் இதைத் தேர்தலுக்கு முந்திய மாதத்தில் தொடங்குவது வீண்.

வாக்களிப்பு நிலையமும் "பேர்"உம்

2024இல் நடந்த ஜனாதிபதித் தேர்தல், பொதுத் தேர்தல் இரண்டிலும் வாக்களிப்பு காலை 7 முதல் மாலை 4 வரை. கொழுந்து மலையில் நாள் முடியும்போது நிலையத்தின் கதவும் மூடியிருக்கும். மேல் டிவிசனிலிருந்து பாடசாலைக்கு இறங்கி ஏறுவதற்கே இரண்டு மணித்தியாலம் ஆனால், வயதான தாய்மார் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வேட்பாளர் வாகனம் வைத்து ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம், அது நல்ல சட்டமும்கூட. ஆகவே கேட்க வேண்டியது நிலையத்தைப் பக்கத்தில் கொண்டுவருவதைத்தான்.

இந்தக் கடிதத்துக்கு நான்கு தகவல்கள் வேண்டும். மிகத் தொலைவான லயத்திலிருந்து இப்போதைய நிலையத்துக்கு நடக்கும் பாதையின் தூரம்: கைபேசி வரைபடத்தில் நேர்கோடு பார்க்காமல் நடந்து அளந்தது. ஒரு வயோதிபர் இறங்கவும் ஏறவும் எடுக்கும் நேரம், இரண்டும் தனித்தனியாக. அந்த டிவிசனில் பதிவான வாக்காளர் எத்தனை பேர், இடாப்பின் எந்தத் தொடர் இலக்கத்திலிருந்து எதுவரை. நான்காவது மாற்று இடம். இதைச் சொல்லாத கடிதத்துக்குப் பதில் வராது. வாசிகசாலையோ பிள்ளைக் காம்பராவோ எதுவானாலும் சரி, பூட்டக்கூடிய இரண்டு கதவு, மின்சாரம், மலசலகூடம், லொறியோ வேனோ வாசல் வரை வரும் பாதை இருக்கிறதா என்று எழுதுங்கள். வாக்குப்பெட்டியோடு உத்தியோகத்தர்களும் பொலிஸாரும் முந்திய நாளே வந்து தங்குகிறார்கள். தங்க வசதி இல்லாத இடத்தை அலுவலகம் எடுத்த எடுப்பிலேயே நிராகரிக்கும். கட்டடம் தோட்டக் கம்பனியினுடையது என்றால் துரையின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் நேரம் முக்கியம். வேட்புமனு முடிந்து வர்த்தமானி வந்த பிறகு நிலையங்களை மாற்ற நேரம் இருக்காது. தேர்தல் இல்லாத காலத்தில், புதிய இடாப்பு உறுதிப்படுத்தப்பட்ட கையோடு, மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பிரதி ஒன்று ராஜகிரிய சரண மாவத்தையில் உள்ள தேர்தல்கள் செயலகத்துக்கு.

இனி விடுமுறை. தொழிலாளி எழுத்தில் கேட்டால், குறைந்தது தொடர்ச்சியான நான்கு மணித்தியாலம், சம்பளக் குறைப்பு இல்லாமல், வாக்களிக்க விட வேண்டும் என்று தேர்தல் சட்டம் சொல்கிறது. தூரத்தில் வேலை செய்பவர்களுக்கு 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்று ஆணைக்குழு அறிவித்திருக்கிறது. தோட்டத்தில் இந்தச் சட்டம் இரண்டு இடத்தில் இடறுகிறது. ஒன்று, "எழுத்தில் கேட்டால்" என்ற நிபந்தனை. காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கங்காணியிடம் வாயால் கேட்பதுதான் வழக்கம், அது கணக்கில் வராது. டிவிசன் முழுவதற்கும் ஒரே விண்ணப்பம் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு, தோட்டக் காரியாலயத்தில் திகதி முத்திரையோடு பிரதி வாங்கிவிட்டால் இதைக் கடந்துவிடலாம்.

மற்றது கடினமானது. நாட்சம்பளக்காரருக்கு முழுப்பேர் (ஒரு முழு நாளின் வேலைக் கணக்கு) போட்டால் கணக்குத் தீர்ந்தது. கிலோக் கணக்கில் கொழுந்து எடுப்பவருக்கு அந்த நாளின் இழப்பை எப்படிக் கணக்கிடுவது? தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக்கொடுக்கும் முறையில் தொழில்வழங்குநர் யார் என்பதே தகராறு. இங்கே சட்டத்தில் ஒரு வரி கூட வேண்டும்: கிலோக் கணக்கில் வேலை செய்பவருக்கு முந்திய மாதத்தின் நாள் சராசரி வழங்கப்பட வேண்டும் என்று. இது இரண்டாவது வகை யோசனை.

நான்கு சட்டங்களில் ஒன்றை மறப்பது

சட்டத் திருத்தம் கேட்பவர்கள் செய்யும் பொதுவான தவறு, "தேர்தல் சட்டத்தைத் திருத்துங்கள்" என்று எழுதுவது. அப்படி ஒரு சட்டம் இல்லை. ஜனாதிபதித் தேர்தலுக்கு 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், பாராளுமன்றத்துக்கு அதே ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், மாகாண சபைக்கு 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், உள்ளூராட்சிக்கு 1946இலிருந்து வரும் உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல் கட்டளைச் சட்டம். ஒன்றில் திருத்தம் வந்து மற்ற மூன்றில் வராவிட்டால், ஒரு தேர்தலில் கிடைக்கும் உரிமை அடுத்த தேர்தலில் காணாமல் போகும். யோசனையில் நான்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

மலையகத்துக்கு மிகவும் தேவையான திருத்தம் முன்கூட்டிய வாக்களிப்பு. தபால் வாக்கு இன்று அரச ஊழியர், பாதுகாப்புப் படையினர் போன்றவர்களுக்குத்தான். புறக்கோட்டைக் கடைகளிலும் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் மலையக இளைஞர் யுவதிகள் பஸ் செலவும் போய், கடை மூடும் நாளும் பார்த்து ஊருக்கு வர வேண்டும். தேர்தலுக்குச் சில நாள் முந்தி, வேலை செய்யும் மாவட்டத்தின் செயலகத்தில், சொந்த மாவட்டத்து வாக்குச்சீட்டில் வாக்களிக்கும் ஏற்பாடு என்று தெளிவாகக் கேளுங்கள். முன்பதிவு கட்டாயம், பெயர் ஊர் இடாப்பில் அன்றைக்கே "முன்கூட்டி வாக்களித்தவர்" எனக் குறிக்கப்பட வேண்டும், பெட்டி மாவட்டத்துக்கு வந்து மற்ற வாக்குகளோடு கலந்து எண்ணப்பட வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்து எழுதினால், இரட்டை வாக்கு பற்றிய ஆட்சேபத்துக்கு முன்கூட்டியே பதில் சொன்னதாகும்.

பெண்கள் ஒதுக்கீட்டில் ஒரு சிறு ஓட்டை உண்டு. உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் என்பது 2016, 2017 திருத்தங்களால் வந்தது. ஆனால் 20 வீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான உறுப்பினரும் பெற்ற கட்சிக்கு அந்தக் கடமை இல்லை. ஒரு பிரதேச சபையில் பல கட்சிகள் இரண்டு இரண்டு உறுப்பினரைப் பெற்றால் எல்லாருமே தப்பிவிடலாம். கடமையைக் கட்சியின் தலையில் மட்டும் போடாமல், சபை முழுவதன் கூட்டுத்தொகைக்கு வைத்து, குறையை அதிக மீதி வாக்குள்ள கட்சியிலிருந்து நிரப்பச் சொல்வது ஒரு தீர்வு. 2024 பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் போகும்வரை மலையகத் தமிழ்ப் பெண் ஒருவர்கூட வாக்கு மூலம் அந்த மாவட்டங்களிலிருந்து பாராளுமன்றம் போகவில்லை. பிரதேச சபைதான் அந்த ஏணியின் முதல் படி.

செலவுக் கட்டுப்பாடு 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்துவிட்டது. பெறுபேறு வெளியாகி 21 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும், பொதுமக்கள் பார்க்கலாம். புதிய சட்டம் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை மாவட்டத்தில் போய்ப் பாருங்கள். ஓட்டை எது என்று அங்கேயே தெரியும்.

ஆசனக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்

"விருப்பு வாக்கை ஒழித்துத் தொகுதி முறையைக் கொண்டுவருவோம்" என்று யாராவது மகஜர் கொண்டுவந்தால், முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். (விருப்பு வாக்கு என்பது கட்சிக்குப் போட்ட பிறகு அதன் வேட்பாளர்களில் விரும்பியவருக்கு இடும் புள்ளடி.) எட்டு ஆசனமுள்ள ஒரு மாவட்டம், செல்லுபடியான வாக்கு 4,00,000 என்று கற்பனை செய்வோம். அ கட்சி 1,60,000, ஆ கட்சி 1,20,000, இ கட்சி 70,000, ஈ கட்சி 36,000, மற்றவை எல்லாம் சேர்த்து 14,000.

1. வெட்டுப்புள்ளி 5 வீதம், அதாவது 20,000. மற்றவற்றில் ஒன்றும் அதை எட்டவில்லை. 14,000 கழிகிறது, மீதி 3,86,000.
2. முதலிடம் பெற்ற அ கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். பங்கிட எஞ்சியவை ஏழு.
3. 3,86,000ஐ 7ஆல் வகுத்து மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 55,143. அ கட்சிக்கு இரண்டு, ஆ கட்சிக்கு இரண்டு, இ கட்சிக்கு ஒன்று, ஈ கட்சிக்கு ஒன்றுமில்லை. ஐந்து போயிற்று.
4. மீதி வாக்கு: அ 49,714, ஈ 36,000, இ 14,857, ஆ 9,714. எஞ்சிய இரண்டு ஆசனமும் மீதி கூடியவர்களுக்கு, அதாவது அ கட்சிக்கும் ஈ கட்சிக்கும்.

முடிவு: அ நான்கு, ஆ இரண்டு, இ ஒன்று, ஈ ஒன்று. இப்போது போனஸை எடுத்துவிட்டு எட்டால் வகுத்துப் பாருங்கள். வகுக்கும் எண் 48,250 ஆகிறது. அ மூன்று, ஆ மூன்று, இ ஒன்று, ஈ ஒன்று. போனஸ் ஆசனம் ஆ கட்சியிடமிருந்து ஒன்றை எடுத்து அ கட்சிக்குக் கொடுத்திருக்கிறது. ஈ கட்சியைத் தொடவில்லை.

இதே மாவட்டத்தை எட்டுத் தனித் தொகுதியாக வெட்டினால் என்ன ஆகும்? ஈ கட்சியின் 36,000 வாக்கும் பரவியிருந்தால் தொகுதிக்கு 4,500, ஐம்பதாயிரத்தில் 9 வீதம். எட்டிலும் தோல்வி. கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மலையக வாக்கு இருக்கும் விதம் இதுதான்: தோட்டத்தில் அடர்த்தி, தொகுதியில் சிறுபான்மை. நுவரெலியாவில் மாவட்ட வாக்காளரில் பாதிக்கு மேல் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் இருப்பதால் அங்கே நிலைமை வேறு. அதை வைத்து மற்ற மாவட்டங்களுக்கும் தீர்மானிக்கக் கூடாது.

எங்கள் நிலைப்பாடு இது. விகிதாசாரக் கணக்கு மாவட்ட மட்டத்திலாவது இருக்க வேண்டும். தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறை வந்தே தீரும் என்றால், ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினரைத் தெரிவுசெய்யும் பல் அங்கத்தவர் தொகுதி என்ற ஏற்பாடு சட்டத்தில் எழுதப்பட வேண்டும். 1977இல் தொண்டமான் வென்ற நுவரெலியா-மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதிதான், ஆகவே இது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. விருப்பு வாக்கு சொந்தக் கட்சிக்குள்ளேயே போட்டியையும் பணச் செலவையும் கூட்டுகிறது என்பது உண்மை. ஆனால் அதை எடுத்தால் பட்டியலின் வரிசை கட்சித் தலைமையின் கைக்குப் போகும். அந்த வரிசையில் தோட்டத்துப் பெண் எத்தனையாவது இடத்தில் இருப்பார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை நாங்கள் கையெழுத்திடமாட்டோம்.

நிராகரிக்கப்பட்ட வாக்குகளையும் இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் 3,00,300 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. இரண்டு மாதத்துக்குள் நடந்த பொதுத் தேர்தலில் அது 6,67,240. வாக்குச்சீட்டின் அமைப்பு ஒரு காரணம் என்று நாங்கள் கருதுகிறோம். பொதுத் தேர்தலில் முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே புள்ளடி, பிறகு விருப்பு இலக்கத்துக்குப் புள்ளடி. விருப்பு இலக்கத்துக்கு மட்டும் போட்டுக் கட்சியை விட்டால் முழு வாக்கும் போகும். இரண்டு கட்சிக்குப் போட்டாலும் போகும். மூன்றுக்கு மேல் விருப்புப் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு மட்டும் போகும். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதிப் பழகியவர் உடனே வந்த தேர்தலிலும் அப்படியே செய்யத் துணிவார். இரண்டு தேர்தல் அடுத்தடுத்து வந்தால், மாதிரிச் சீட்டோடு தமிழில் செயல்விளக்கம் ஒவ்வொரு பிரட்டுக்களத்திலும் நடத்தப்பட வேண்டும் என்று ஆணைக்குழுவிடம் கேட்பது சட்டம் தேவைப்படாத சீர்திருத்தம்.

எல்லை நிர்ணயம்: மாகாண சபைக்கு நடந்ததை மறக்காதீர்கள்

2017இல் மாகாண சபைத் தேர்தல் திருத்தம் ஒன்று வந்தது. பெண் வேட்பாளர் ஒதுக்கீட்டுக்காகக் கொண்டுவந்த சட்டமூலம், குழுநிலையில் (இரண்டாம் வாசிப்புக்குப் பின் வாசகங்களைத் திருத்தும் கட்டம்) முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் சட்டமாகி 17ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. பழைய முறை நீங்கியது, புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்றது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 2014 ஊவாத் தேர்தலுக்குப் பிறகு எந்த மாகாணத்திலும் மாகாண சபைத் தேர்தல் நடக்காமல் ஆண்டுகள் ஓடின.

ஆகவே எல்லை நிர்ணயம் தேவைப்படும் எந்த யோசனையிலும் ஒரு பின்வாசல் வாசகத்தை எழுதுங்கள்: "புதிய எல்லைகள் இன்ன திகதிக்குள் அமுலுக்கு வராவிடின், அடுத்த தேர்தல் முந்திய முறையிலேயே நடத்தப்பட வேண்டும்." இந்த ஒரு வாசகம் இல்லாத சீர்திருத்தம், எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தேர்தலையே நிறுத்திவிடக்கூடும்.

எல்லை நிர்ணயக் குழு வரும்போது கையில் கொடுக்க வேண்டியவை: கிராம உத்தியோகத்தர் பிரிவு இலக்கங்கள், ஒவ்வொன்றிலும் உள்ள தோட்டங்களும் டிவிசன்களும், வாக்காளர் தொகை, எந்தத் தோட்டம் எந்தப் பாதையால் எதனோடு இணைகிறது என்ற வரைபடம். ஆற்றுக்கு இந்தப்பக்கம் ஒரு டிவிசன், அந்தப்பக்கம் இன்னொன்று என்று ஒரு தோட்டத்தை இரண்டு வட்டாரமாக வெட்டினால் இரண்டிலும் அது சிறுபான்மையாகும். 2018 தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகள் நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என ஆறாகப் பிரிந்தன. சனத்தொகை எண்ணை மேசையில் வைத்து வாதாடினால் மாற்றம் வரும் என்பதற்கு அது கண்ணெதிரே உள்ள சாட்சி.

எழுதும் முறையும் அனுப்பும் வழியும்

கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பந்தியில் என்ன மாற வேண்டும் என்று ஒரே வாக்கியம். அடுத்து, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, இப்போது என்ன சொல்கிறது, உங்கள் வாசகம் என்ன என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிறகு உங்கள் அளவைகளும் எண்களும். கடைசியில் செலவும், யார் ஆட்சேபிப்பார் என்பதும், அதற்கான பதிலும். தமிழோடு சிங்களப் பிரதியும் இணையுங்கள். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு, பதிலும் தமிழில்தான் வர வேண்டும். ஆனால் மொழிபெயர்ப்புக்காகக் கடிதம் காத்துக் கிடப்பதை நீங்களே தவிர்த்துவிடலாம். கையெழுத்துப் பட்டியலில் பெயர், டிவிசன், கிராம உத்தியோகத்தர் பிரிவு போதும். அடையாள அட்டை இலக்கத்தை நூறு பேர் பார்க்கும் தாளில் எழுத வேண்டாம்.

எண் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். நிலையவாரியாக வாக்காளர் தொகை, நிலையங்களைத் தெரிவு செய்த அளவுகோல் போன்றவற்றைக் கேட்கலாம். "எல்லாத் தகவலும் தாருங்கள்" என்று கேட்டால் நிராகரிப்பார்கள். ஆண்டு, தொகுதி, நிலைய இலக்கம் சொல்லிக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

சட்டமூலம் ஒன்று வந்துவிட்டால் நாள்கணக்கு ஓடத் தொடங்கும். வர்த்தமானியில் வந்தவுடன் மூன்று மொழிப் பிரதியையும் இறக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்தில் அதைச் சவாலுக்கு உட்படுத்தலாம். அந்த 14 நாளில் சட்டத்தரணியைத் தேடத் தொடங்கினால் நேரம் போதாது. யாரை அணுகுவது என்று முந்தியே பேசி வையுங்கள். நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்பதால் இந்த வாசல் ஒருமுறைதான் திறக்கும். குழுநிலையில் புதிதாக நுழையும் திருத்தங்கள் இந்த வாசலுக்குப் பின்னால் வருபவை. ஆகவே இரண்டாம் வாசிப்பு நடக்கும் நாளில் மாவட்டத்தின் எல்லா உறுப்பினர்களுக்கும், கட்சி பார்க்காமல், உங்கள் வாசகத்தை ஒரு பக்கத்தில் மீண்டும் அனுப்பி, குழுநிலைத் திருத்தம் எது வந்தாலும் உடனே தெரிவிக்கும்படி கேட்டு வையுங்கள். பிறகு ஹன்சாட்டில் (பாராளுமன்ற விவாதப் பதிவு) யார் எப்படி வாக்களித்தார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.